ஈரல், குடல், சுவரொட்டி: பாட்டன் காலத்துச் சாப்பாடு மாரடைப்பைத் தடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய நோய் வந்தவர்களுக்கும், வந்துவிடக்கூடாது என்று நினைப்பவர்களுக்கும் உணவு பற்றிச் சொல்லும் வேலையில் இருப்பதால், ஆட்டின் உள்ளுறுப்புகளைப் பற்றிய கேள்விகள் வாரம் தவறாமல் என்னிடம் வருகின்றன. கேட்பவர்களில் ஒரு சாரார் ஈரல் என்ற சொல் காதில் விழுந்தாலே கொலஸ்ட்ரால் என்று கையை உதறுகிறார்கள். இன்னொரு சாரார், முன்னோர் தின்ற உள்ளுறுப்புக் கறியே மாரடைப்புக்கு மருந்து என்று நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையைக்கூட நிறுத்திவிடத் துணிகிறார்கள். இரண்டாவது சாராரை நினைத்தால்தான் எனக்குக் கவலை அதிகம். இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்ததற்கும் அந்தக் கவலையே காரணம்.

எங்கள் தாத்தா குடலும் தலைக்கறியும் சாப்பிட்டு எண்பது வயதுவரை திடமாக இருந்தார். அவருக்கு மாரடைப்பு வரவில்லையே?

இருந்திருப்பார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் சிறுமியாக இருந்தபோது, தீபாவளிக்கு முதல் நாள் விடியலில் தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆட்டை விலை பேசி, அறுத்துக் கூறு போடுவார்கள். பனம்பாயை விரித்து, அதன்மேல் வாழையிலைகளைப் பரப்பி, இருபது கூறுகளை வரிசையாக வைப்பார் கறி வெட்டுகிறவர். முதலில் சதைக்கறி, அடுத்து எலும்பு, பிறகு ஈரலை விரல் அகலத்துக்கு நறுக்கி ஒவ்வொரு கூறின் தலையிலும் ஒரு துண்டு, குடலில் ஒரு சாண், கொழுப்பில் ஒரு சிறு கட்டி என்று போட்டுக்கொண்டே வருவார். ஏதாவது ஒரு கூறில் ஈரல் விடுபட்டால் அங்கேயே சத்தம் கிளம்பும். அடுத்த கூறிலிருந்து கிள்ளிப் போட்டு அவர் சரிக்கட்டுவார்.

இந்தக் காட்சியில்தான் பழைய உணவின் கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு கிலோ கறி விழும் ஆட்டில் ஈரல் அரைக் கிலோவைத் தாண்டாது. அதை இருபது கூறாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு 25 கிராம் வந்தாலே அதிகம். அந்த வீட்டில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அந்தத் துண்டும் பெரும்பாலும் குழந்தையின் தட்டுக்குப் போகும். அடுத்த ஆடு அறுபடக் கோயில் கொடையோ, விருந்தாளியின் வரவோ வேண்டும். ஓர் ஆட்டுக்கு ஓர் ஈரல்தான் என்கிற இயற்கையின் கணக்கே அளவுகோலாக நின்றது. இன்று கறிக்கடைக்குப் போய் அரைக் கிலோ ஈரலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிவர முடிகிறது. அதை மூன்று பேர் ஒரே வேளையில் வறுத்துச் சாப்பிடுவதற்கும் அந்தக் கூறுக் கறிக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டியே இருந்தது. காலராவும் காசநோயும் பேறுகால மரணமும் அள்ளிக்கொண்டு போனவர்கள் போக மிஞ்சியவர்களைத்தான் நாம் தாத்தா என்றும் அப்பத்தா என்றும் நினைவில் வைத்திருக்கிறோம். எண்பது வரை வாழ்ந்தவரை எல்லோரும் சொல்கிறார்கள். நாற்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பேசி முடித்துவிட்டார்கள். அவருக்கு வந்தது என்ன நோய் என்று அன்றைக்குப் பார்த்துச் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

உள்ளுறுப்புகள் எல்லாம் ஒரே மாதிரியா?

இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆட்டின் ஈரலில் கொழுப்பு குறைவு. 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிராம். கொலஸ்ட்ரால் மட்டும் சுமார் 370 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது இரண்டு முட்டைகளில் இருக்கும் அளவு. மூளையிலோ அதே 100 கிராமில் 1,350 மில்லிகிராம், ஏழு முட்டைகளுக்குச் சமம். ஓர் ஆட்டின் மூளையே நூறு கிராமை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், ஒரு தட்டு மூளை வறுவல் என்பது இந்த முழு அளவையும் ஒருவர் சாப்பிடுவதாகும். இதயம் கிட்டத்தட்டச் சதைக்கறி மாதிரிதான். கொழுப்பும் குறைவு, கொலஸ்ட்ராலும் 135 மில்லிகிராம் அளவே. சிறுநீரகம் கொலஸ்ட்ராலில் ஈரலுக்கு நெருக்கம்.

குடலை எடைபோட்டு ஓர் எண்ணைச் சொல்வது சிரமம், ஏனென்றால் அது எப்படிச் சுத்தம் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது. குடலைச் சுற்றிச் சல்லடை போலப் படிந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பை அப்படியே விட்டுச் சமைத்தால் அது கொழுப்புக் குழம்பு. உருவி எடுத்துவிட்டால் அதே குடல் மெலிந்த கறி. கடையில் கேட்கும்போது, கொழுப்பை எடுத்துவிட்டுத் தரச் சொல்வது ஒரு நிமிட வேலைதான்.

உணவில் உள்ள கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஏறுமா? ஏறாது என்று இப்போது சொல்கிறார்களே?

இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. 1913ஆம் ஆண்டு ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயல் தழை தின்னும் பிராணி. தின்ற கொலஸ்ட்ராலைச் சமாளிக்கும் ஏற்பாடு அதற்கு இல்லை. மனிதருக்கு இருக்கிறது. நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. உணவில் கூடுதலாக வந்தால், பெரும்பாலானவர்களின் ஈரல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. இதனால்தான் 2015ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று நெடுங்காலமாக இருந்த வரம்பைக் கைவிட்டன. அதைப் படித்தவர்கள், இனி கொலஸ்ட்ராலைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று முழங்கத் தொடங்கினார்கள். அந்த ஆவணமோ, நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்பதை அப்படியே வைத்திருந்தது.

ரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு: ஆட்டுக் கொழுப்பு, நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நம் ஈரலின் செல்கள் தங்கள் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைக் கொண்டு ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த ஏற்பிகள் குறைவு. அப்படிப்பட்ட குடும்பங்களில் முப்பது வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. நெருங்கிய உறவில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால், பொதுவான அறிவுரைகளை நம்பாமல் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆக, கொழுப்பு நீக்கிச் சமைத்த இரண்டு துண்டு ஈரல் ஆரோக்கியமான ஒருவரின் எல்.டி.எல்.லைப் பெரிதாக அசைத்துவிடாது. அதை வறுக்கக் கடாயில் ஊற்றுகிற எண்ணெயும், கூடவே வரும் பரோட்டாவும் அசைத்துவிடலாம்.

இதயத்தைச் சாப்பிட்டால் இதயத்துக்குப் பலம் என்பது உண்மையா?

செல்கள் ஆற்றலைத் தயாரிக்க உதவும் கோஎன்சைம் க்யூ10 என்ற பொருள் இதயத் தசையில் நிறைய இருக்கிறது என்பதைக் காட்டி இப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பொருளை வைத்து நடந்த ஆய்வும் உண்டு: 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் பலவீனப்பட்ட 420 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தினம் 300 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஆனால் மாட்டு இதயத்தில் 100 கிராமுக்குச் சுமார் 11 மில்லிகிராம் மட்டுமே இருக்கிறது. அந்த ஆய்வின் அளவை எட்ட நாள்தோறும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இதயம் தின்ன வேண்டும். மேலும், அது ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கான சிகிச்சை. ரத்தக்குழாய் அடைப்பைத் தடுப்பதற்கானது அன்று. இதயம் நல்ல கறி. கறி என்ற அளவில் அதைச் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம்.

வெஸ்டன் பிரைஸ் என்ற மருத்துவர் உலகம் சுற்றிப் பார்த்து, உள்ளுறுப்புதான் ஆரோக்கியத்தின் ரகசியம் என்று நிரூபித்ததாகச் சொல்கிறார்களே?

வெஸ்டன் ஏ. பிரைஸ் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பல் மருத்துவர். 1930களில் சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகள், ஸ்காட்லாந்தின் வெளித் தீவுகள், ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று தேடிப் போய், வெள்ளை மாவும் சர்க்கரையும் எட்டாத மக்களின் வாயைத் திறந்து பார்த்துச் சொத்தைப் பற்களை எண்ணினார். 1939இல் அதை நூலாக வெளியிட்டார். தீவுவாசிகள் மீனின் தலைக்குள் ஈரலையும் ஓட்ஸையும் திணித்து வேகவைத்துச் சாப்பிட்டதைப் போன்ற பல செய்திகளை அவர் பதிவு செய்திருக்கிறார். சர்க்கரை வந்த இடத்தில் பல் கெட்டது என்ற அவருடைய கவனிப்பை நான் மதிக்கிறேன். அது இன்றைக்கும் செல்லும்.

ஆனால் அவர் எண்ணியது பற்களை. மாரடைப்பை அவர் அளக்கவில்லை. அந்த மக்களின் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் வசதியும் அந்தக் காலத்தில் இல்லை. வெண்ணெயிலும் உள்ளுறுப்புகளிலும் பெயர் தெரியாத ஓர் ஊட்டப்பொருள் இருப்பதாக அவர் நம்பினார். அது வைட்டமின் கே2 தான் என்றும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிவதை அது தடுக்கும் என்றும் அவருடைய ஆதரவாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். இதற்கு ஓர் அடிப்படையும் இருந்தது: நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 4,807 பேரைக் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் கே2 அதிகம் பெற்றவர்கள் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. அவர்களுக்குக் கே2 கிடைத்தது பெரும்பாலும் பாலாடைக்கட்டியிலிருந்து. பாலாடைக்கட்டி சாப்பிடுகிறவர்கள் வேறு எந்தெந்த வகையில் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டார்கள் என்பதை இப்படிக் கவனிக்கும் ஆய்வால் முழுமையாகப் பிரித்துவிட முடியாது. அதனால் கே2வையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். டென்மார்க்கில் இதய வால்வில் சுண்ணாம்பு படிந்த 365 ஆண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டாண்டுகள் வைட்டமின் டியோடு சேர்த்துக் கொடுத்தும் படிவின் வேகம் குறையவில்லை. இந்த இடத்தில் நிற்கிறது அந்த நம்பிக்கை.

மசாய், இனுயிட் மக்கள் மாமிசமும் கொழுப்பும் மட்டுமே உண்டு நோயில்லாமல் வாழ்ந்தார்கள் அல்லவா?

கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் பால், இறைச்சி, கால்நடையின் ரத்தம் ஆகியவற்றை அதிகம் உண்டவர்கள். ஜார்ஜ் மான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் அவர்களைச் சோதித்தபோது, ரத்தக் கொலஸ்ட்ரால் குறைவாகவும் இதய நோயின் அறிகுறிகள் அரிதாகவும் இருந்தன. இதுவரைதான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே மான், இறந்துபோன 50 மசாய் ஆண்களின் இதயங்களையும் பெருநாடிகளையும் அறுத்துப் பார்த்து 1972இல் எழுதிய அறிக்கையில், கொழுப்புப் படிவு அவர்களிடமும் இருந்தது என்று பதிவு செய்தார். ஆனால் அவர்களுடைய இதய ரத்தக்குழாய்கள் வயது ஏற ஏற விரிந்துகொண்டே போயிருந்ததால், படிவு இருந்தும் பாதை அடைபடவில்லை. நாள் முழுவதும் கால்நடைகளின் பின்னே நடந்த நடைதான் குழாய்களை விரித்திருக்க வேண்டும் என்பது மானின் கருத்து. எனக்கு இந்த அறிக்கை மிகவும் முக்கியமாகப் படுகிறது. அவர்களுடைய உணவை மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டால், நமக்கு மிஞ்சுவது படிவு மட்டும்தான்.

ஆர்க்டிக் பனிப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாயின் ஈரலையும் கொழுப்பையும் உண்டவர்கள். 1970களில் பேங், டையர்பெர்க் என்ற டென்மார்க் மருத்துவர்கள் கிரீன்லாந்துக்குப் போய் அவர்களின் ரத்தத்தில் ஒமேகா-3 கொழுப்பை அளந்தார்கள். மீன் எண்ணெய் மாத்திரைகளின் கதை அங்கே தொடங்கியது. 2014இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை மீண்டும் புரட்டிப் பார்த்தபோது, அந்த டென்மார்க் மருத்துவர்கள் இதய நோய் எத்தனை பேருக்கு இருந்தது என்பதை நேரடியாக அளக்கவே இல்லை என்பதும், இனுயிட் மக்களிடம் அந்த நோய் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்திருக்கிறது என்பதும் தெரியவந்தன.

இவற்றுக்கும் முந்திய காலத்தைப் பற்றி ஒரு செய்தி. எகிப்து, பெரு, தென்மேற்கு அமெரிக்கா, அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களின் 137 பதப்பட்ட பழங்கால உடல்களை (மம்மிகளை) சி.டி. ஸ்கேன் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட உடல்களில் ரத்தக்குழாய்ப் படிவு இருந்தது. வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்களும் அதில் அடக்கம்.

அப்படியானால் எந்தப் பாரம்பரிய உணவுதான் இதயத்தைக் காத்திருக்கிறது?

இதுவரை அளந்து பார்த்ததில் மிகச் சுத்தமான ரத்தக்குழாய்கள் பொலிவியாவின் அமேசான் காடுகளில் வாழும் சிமானே மக்களுடையவை. 40 வயதைத் தாண்டிய 705 பேரை ஸ்கேன் செய்து 2017இல் வெளியிட்டார்கள். 85 விழுக்காட்டினரின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு துளியும் இல்லை. அவர்கள் வேட்டையாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கிடைத்ததை வீணாக்குவதில்லை. ஆனால் அவர்களுடைய உணவின் ஆற்றலில் 72 விழுக்காடு மாவுச்சத்து: வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, அரிசி, சோளம். கொழுப்பு 14 விழுக்காடுதான். நாளொன்றுக்கு 16,000 அடிகளுக்குக் குறையாமல் நடக்கிறார்கள்.

ஜப்பானின் ஒக்கினாவா தீவில் பன்றியின் காதிலிருந்து குடல்வரை எதையும் விடாமல் சமைக்கும் வழக்கம் உண்டு. அதைக் காட்டி நீண்ட ஆயுளுக்கு உள்ளுறுப்பே காரணம் என்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அந்தத் தீவுக்காரர்களின் உணவில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பன்றிக்கறி பண்டிகைச் சாப்பாடு. அதையும் நெடுநேரம் வேகவைத்து, மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டே உண்டார்கள். நம் ஊர்க் கூறுக் கறியின் கணக்குதான் அங்கேயும்.

நெய் தின்ற பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியருக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்று ஓர் ஆய்வு உண்டாமே?

உண்டு. ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்டது. 1958 முதல் 1962 வரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் மரணப் பதிவுகளைப் பார்த்து, மாரடைப்பு மரணம் பஞ்சாபைவிடத் தெற்கே ஏழு மடங்கு அதிகம் என்று எழுதினார். பால் கொழுப்பை நிறைய உண்டவர்களுக்குக் குறைவாகவும், அரிசியும் விதை எண்ணெயும் உண்டவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது என்பதால், இந்த ஆய்வு இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மரணப் பதிவுகளை மட்டும் நம்பிய ஆய்வு இது. பீடி, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளந்து பிரிக்கவில்லை. நெய்யை அள்ளி ஊற்றிக்கொள்ள இது அனுமதிச் சீட்டாகாது. ஆனால் கொழுப்பைக் குறைவாக உண்கிற அரிசிக்காரனுக்கும் மாரடைப்பு வரும் என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால், இது நமக்குப் பயன்படும் ஆய்வுதான்.

தமிழ்நாட்டில் இதயத்தை உண்மையில் கெடுப்பது எது?

ஆட்டு ஈரலைவிட அரிசிச் சோற்றின் அளவைத்தான் நான் முதலில் விசாரிக்கிறேன். சென்னையில் 1,262 பேரைச் சோதித்து 2001இல் வெளிவந்த ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. அதே நகரில் பின்னர் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது என்றும், அதில் நான்கில் மூன்று பங்கு வெள்ளை அரிசி என்றும் காட்டியது. தீட்டிய தானியம் கூடக் கூட, இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் கூடின. நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தது. சிமானே மக்களும் மாவுச்சத்துதானே தின்கிறார்கள் என்று இந்த இடத்தில் கேட்பீர்கள். அவர்கள் தின்பதை எரித்துவிடுகிறார்கள். நாம் சோற்றைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்கிறோம்.

52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒன்பது காரணிகளைக் கொண்டே விளக்கிவிடலாம் என்றது. புகை, ரத்தக் கொழுப்பின் விகிதம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவை அதில் உண்டு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது 53. மற்ற நாட்டவருக்கு 59. பீடியோ சிகரெட்டோ பிடித்துக்கொண்டே ஈரல் சாப்பிடலாமா என்று கேட்பவர்களிடம், பதிலுக்குப் புகையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

ஈரலில் பி12 வைட்டமின் இருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்து இதயத்தைக் காக்குமாமே?

ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் என்பது சரி. இதயத்தைக் காக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 5,522 பேருக்கு ஐந்தாண்டுகள் பி வைட்டமின்களைக் கொடுத்து 2006இல் வெளிவந்த ஆய்வில், ஹோமோசிஸ்டீன் குறைந்தும் மாரடைப்பு குறையவில்லை. அதே ஆண்டு நார்வேயிலிருந்து வந்த ஆய்வும் அப்படியே சொன்னது. பி12 குறைபாடு நம் ஊரில், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களிடம், மிகப் பரவலாக இருக்கிறது. கால் மரத்துப்போவதும் சோர்வும் மறதியும் அதனால் வரலாம். அதற்கு ஈரல் அருமையான உணவு. அந்தக் காரணத்துக்காகச் சாப்பிடுங்கள்.

அப்படியானால் உள்ளுறுப்புக் கறியால் நன்மையே இல்லையா?

நிறைய இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக நடந்தவள் ஆகமாட்டேன். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. சுவரொட்டி என்று நாம் சொல்லும் மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்புச் சத்து உண்டு. ஈரலில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. கீரையின் இரும்பைவிட இது உடலில் எளிதாகச் சேரும். வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சுவரொட்டியைக் கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டி, உப்பும் மிளகும் தூவி, அது கருஞ்சிவப்பு மாறாத சூட்டில் நறுக்கி, வாயில் ஊட்டிவிட்ட கைகளுக்கு இந்த எண்கள் தெரியாது. செய்தது சரியான காரியம். உட்பக்கமும் நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் சேர்க்கும் திருத்தம்.

கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். ஆட்டு ஈரல் 100 கிராமில் வைட்டமின் ஏ 7,000 மைக்ரோகிராமைத் தாண்டும். ஒரு நாளின் உச்ச வரம்போ 3,000. மிகுந்தால் கருவில் உள்ள குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். மற்றவர்களும் வாரம் ஒருமுறைக்கு மேல் போக வேண்டாம். தலசீமியா போன்ற நோயால் உடலில் இரும்பு தேங்கியவர்கள் ஈரல், சுவரொட்டி இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள், கால் பெருவிரல் வீங்கி வலித்த அனுபவம் உள்ளவர்கள், உள்ளுறுப்பு அனைத்தையும் விட்டுவிடுவதே நல்லது.

ஆட்டுக்கால் சூப் இதயத்துக்கு நல்லதா?

இதயத்துக்கென்று தனியாக எதுவும் செய்யாது. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, உப்பைக் குறைத்துக் குடித்தால் கெடுதலும் இல்லை.

எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள். இனிமேல் ஈரலோ குடலோ சாப்பிடவே முடியாதா?

மாதம் ஒருமுறை, கொழுப்பு நீக்கிய ஈரல் இரண்டு துண்டு, 50 கிராமுக்குள், சாப்பிடலாம் என்று பெரும்பாலானவர்களுக்குச் சொல்கிறேன், எல்.டி.எல். கட்டுக்குள் இருக்க வேண்டும், யூரிக் அமிலத் தொல்லை இருக்கக்கூடாது. மூளை வறுவலை மறந்துவிடுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் எந்த உணவுக்காகவும் நிறுத்தக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர், ஸ்டென்ட் வைத்த நாலாம் மாதத்தில், இயற்கை உணவு போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார். ஐந்து வாரங்களில் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடியும் அவசரப் பிரிவுக்கு வந்தார். பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி அந்த மாத்திரை அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வராண்டாவில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

குடலையும் ஈரலையும் எப்படிச் சமைத்தால் கொழுப்பு குறையும்?

ஈரலை வாங்கும்போதே புரட்டிப் பாருங்கள். வெள்ளையாக நீர்க்கட்டி தெரிந்தால் அது நாடாப்புழுவின் கட்டியாக இருக்கலாம். அந்த ஈரலை வாங்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். நல்ல ஈரலை மஞ்சள் தூள் போட்டு அலசி, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகத்தோடு மூடி போட்டு வேகவிட்டால் போதும், பொரிக்க வேண்டியதில்லை. உப்பைக் கடைசியில் போட்டால் ஈரல் கல்லாகாது.

குடலுக்குப் பொறுமை வேண்டும். வெந்நீரில் அமிழ்த்தி எடுத்து உள்தோலைச் சுரண்டி, உட்பக்கத்தை வெளியே திருப்பி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். அலசும்போது கையில் வழுக்கும் வெள்ளைக் கொழுப்பை அப்போதே உருவிப் போடுங்கள். பிறகு இஞ்சி தட்டிப் போட்டுக் குக்கரில் வேகவைத்து, அந்த நீரை முதல் நாள் இரவே ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் மேலே வெள்ளைத் தட்டுப் போல உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஒரே தூக்காகத் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய சாற்றில் குழம்பைக் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் அதில் ஒரு பிடி முருங்கைக்கீரையும் போடுவோம்.